கிரேக்க வகுப்பறையில் இரண்டு மொழிகள்

 

அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். சென்ற இடத்தைக் கூர்ந்து நோக்கித் தம் மண்ணுக்கு நலம் தேடுவது தூதின் இலக்கணம். ஆசிரியர் பரிமாற்றப் பயணமாகக் கிரேக்க நாடு சென்று மீண்ட நான், அதியமான் பெயர் தாங்கிய இவ்வூரில், அந்நாட்டுக் கல்வி பற்றிய ஒரு செய்தியை மட்டும் உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஏதென்சு நகரில் ரொட்டி வாங்குவோர் 'ப்சோமி' என்று கேட்கின்றனர். கடையின் பெயர்ப்பலகையிலோ 'ஆர்த்தோபியோ' என்றிருக்கிறது. 'ஆர்த்தோசு' என்பது ரொட்டியைக் குறிக்கும் பழஞ்சொல். பேச்சில் ஒரு மொழி, பலகையில் ஒரு மொழி! இன்று அது பழமையின் எச்சமாகவே நிற்கிறது. ஒரு காலத்தில் அதுவே பிள்ளைகளின் தலைமேல் ஏற்றிய சுமையாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற கிரேக்கம், பழமையைத் தழுவிச் செம்மை செய்த 'கதரேவூசா' என்னும் நடையை ஆட்சிக்கும் பள்ளிக்கும் உரியதாக்கியது. மக்கள் பேசிய 'திமோதிக்கி' இழிவழக்காக எண்ணப்பட்டது. விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை மக்கள் மொழியில் பெயர்த்து ஒரு நாளிதழ் வெளியிட்டதற்காக, 1901இல் ஏதென்சில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின.

வோலோசு என்னும் துறைமுக நகரில் 1908இல் பெண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் தலைமை ஏற்ற அலெக்சாந்திரோசு தெல்மூசோசு, மாணவியர்க்கு அவர்கள் பேசும் மொழியிலேயே பாடம் சொன்னார். எதிர்ப்பு வலுத்தது, 1911இல் பள்ளி மூடப்பட்டது. நாத்திகம் பரப்பினார் என்றும் குற்றம் சாட்டப்பெற்று 1914இல் நாப்பிளியோ நகர நீதிமன்றத்தில் நின்ற அவர் விடுதலை பெற்றார். எனினும் அவர் வழி அரசின் நெறியாக நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 1976ஆம் ஆண்டுச் சட்டமே மக்கள் மொழியைக் கல்வியின் மொழியாக உறுதி செய்தது.

அதனால் பழமை அழிந்ததா? இல்லை. தொடக்கக் கல்வி 6 ஆண்டு. அதன்மேல் 'கிம்னாசியோ' 3 ஆண்டு. அதன் முதல் வகுப்பிலேயே ஓமரின் ஒடிசியைப் பிள்ளைகள் இக்கால மொழிபெயர்ப்பில் பயில்கின்றனர். பழங்கிரேக்கம் தனிப் பாடமாகவும் உண்டு. கதை முதலில் நெஞ்சில் பதிகிறது; பழஞ்சொல் பின்னர் வந்து சேர்கிறது.

குறைகளும் அங்குண்டு. அரசுக் கல்வி கட்டணமற்றது என்று அரசியலமைப்பே கூறினும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை முன்னிட்டு 'புரொந்திஸ்தீரியோ' எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் பெற்றோர் பணம் செலுத்துகின்றனர். இந்நோய் நமக்கும் புதிதன்று.

அன்புடையீர்! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் தருமபுரி மாவட்டத்தில் 68.5 விழுக்காடு மட்டுமே. மாவட்டங்களுள் கடைசி இடம் நமக்கு. பெண்களின் நிலை இதனினும் தாழ்வு. தலைமுறையில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் சிறுமி வீட்டில் 'சோறு' என்கிறாள். நூலில் 'உணவு' என்று காண்கிறாள். அவள் பேச்சைக் கொச்சை என்று கடிந்து வாயடைத்துவிட்டால், அவள் செந்தமிழையும் கற்கமாட்டாள். பொருள் விளங்காமல் அதியமானைப் பற்றிய பாட்டை மனப்பாடம் செய்து தேர்வெழுதியபின் மறந்துவிடுவாள்.

செந்தமிழைக் கைவிடுங்கள் என்று தமிழ் கற்பித்து வாழும் நான் சொல்வேனா? அதன் வாயிலை அகலத் திறந்து வையுங்கள் என்றே வேண்டுகிறேன். அச்சிறுமி தன் ஊர்ப் பேச்சில் அதியமான் கதையை முதலில் சொல்லட்டும். சங்கப் பாட்டின் சொல் அதன்பின் அவளுக்கு உரிமையாகும். பத்தாண்டு நிறைவு கண்ட இவ்விலக்கிய வட்டம், மாதம் ஒருநாள் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை இம்மேடையில் ஏற்றி அவர்தம் மொழியில் பேசவிடுமானால், அடுத்த பத்தாண்டுக்கு அதைவிட நற்பணி வேறில்லை.