பேட்டரியைப் பழிப்பதற்கு முன்

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இஞ்சின் அறையின் ஓசை மறந்திருக்காது. மாலையில் அவ்வோசை எழுந்தால் லயத்தில் விளக்கு எரியும். இரவில் அது அடங்கினால் லயமும் அடங்கிவிடும். பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் ஏட்டை மூடிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படுவோர் மண்ணெண்ணெய் விளக்கையே ஏற்றினர். இத்தனைக்கும் நமது பேராக் மாநிலம் மின்சாரத்துக்குப் புதியதன்று. பேராக் ஆற்றின் குறுக்கே எழுந்த செண்டரோ நீர்மின் நிலையம் 1930-ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் முதன்மையாகக் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குச் சென்றது. லயங்கள் அதன் பின்னரும் பல்லாண்டுகள் காத்திருந்தன. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமே குடியிருப்புக்கு மின்வசதி அளிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது.

இன்று பெரும்பாலான குடியிருப்புகளுக்குக் கம்பி வந்துவிட்டது. ஆயினும் தோட்டம் கைமாறிய பின் உட்பகுதியில் தங்கிவிட்ட ஓரிரு குடும்பங்கள், சிறு தோட்டக்காரர்களின் வீடுகள், செம்பனைக்கு நடுவே தனித்து நிற்கும் பழைய கோயில்கள் ஆகியன இன்னும் அங்குமிங்கும் கம்பிக்கு அப்பால் உள்ளன. அவ்விடங்களில் கூரைமேல் சூரியத் தகடு, வீட்டுக்குள் பேட்டரி, பின்புறம் சிறு ஜெனரேட்டர் என மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. மூன்றும் சேர்ந்து கோளாறு செய்யும் நாளில் என்ன செய்வது என்பதே இன்று நாம் பேச வந்த பொருள்.

சென்ற ஆண்டு இவ்வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டோம். பால்மரம் சீவி ஓய்வு பெற்ற முதியவரும் அவருடைய மனைவியும் ஒரு பேரப்பிள்ளையுடன் வாழும் வீடு அது. இரவு 9 மணிக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டது என்பது அவர்கள் கூறிய குறை. மூன்று ஆண்டுகளில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 600 வெள்ளி. மூன்றாவது வாங்குவதற்குப் பேரனின் பள்ளிச் செலவுக்கென வைத்திருந்த பணத்தை எடுத்து வைத்திருந்தனர்.

நாம் சென்றது நண்பகல். மீட்டரை வைத்துப் பார்த்தோம், 13.4 வோல்ட் காட்டியது. "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, பாட்டி" என்று கூறிவிட்டுத் திரும்பினோம். அன்றிரவும் 9 மணிக்கு விளக்கு அணைந்தது. இதை மறைக்காமல் கூறுவதற்குக் காரணம் உண்டு. வெயில் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது, தகடு உள்ளே தள்ளும் மின்சாரத்தின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான். பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டாது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாமே இதில் ஏமாந்தோம்.

மறுநாள் பொழுது புலருமுன் மீண்டும் சென்றோம். எல்லா விளக்கையும் நிறுத்தி, தகடு இன்னும் உறங்கும் நேரத்தில் அளந்தபோது உண்மை வெளிப்பட்டது: 11.7 வோல்ட். ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் ஈயப் பேட்டரி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.7 காட்டும், பாதியளவு இருந்தால் 12.2. அதற்கும் கீழே போகவிடுவது பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதாகும். 11.7 என்றால் வயிறு காய்ந்து கிடக்கிறது என்று பொருள்.

வயிறு காய்ந்ததா, நோயுற்றதா? இதை அறிய ஒரு கருவி உண்டு. அதன் உடன்பிறப்பை நீங்கள் நன்கு அறிவீர்கள். பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி வாளிப் பாலில் மிதக்கவிடுவாரே, அந்த மெட்ரோலாக்தான் அது. பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேட்டரிக்கு உரிய ஹைட்ரோமீட்டரும் அதே வகைக் கருவி. வேறுபாடு ஒன்றுண்டு. ரப்பர் தண்ணீரை விட இலேசானது. ஆகவே கெட்டியான பாலில் மெட்ரோலாக் ஆழ அமிழும். அமிலமோ தண்ணீரை விடக் கனமானது. ஆகவே நிறைந்த பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் மேலெழுந்து மிதக்கும். முழுதும் ஏறிய அறையில் 1.265 அளவும், பாதியில் 1.190 அளவும், வெறுமையில் 1.120 அளவும் காட்டும்.

12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள். ஐந்து அறைகள் உயர்ந்தும் ஓர் அறை மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்தும் இருந்தால் அந்த அறை நோயுற்றது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அவ்வீட்டிலோ ஆறு அறைகளும் 1.140-க்கும் 1.150-க்கும் இடையே ஒன்று போலவே நின்றன. பேட்டரி கெடவில்லை, பசியால் வாடிக்கொண்டிருந்தது. புதிய பேட்டரி வாங்கியிருந்தால் அதுவும் அவ்வாறே வாடியிருக்கும். முன்னிரண்டும் அப்படித்தான் மாண்டிருக்க வேண்டும்.

பசிக்குக் காரணத்தைத் தேடினோம். கணக்கிட்டோம். மூன்று விளக்குகள், ஒன்றுக்கு 10 வாட், 5 மணி நேரம்: 150. மின்விசிறி 40 வாட், 8 மணி நேரம்: 320. தொலைக்காட்சி 50 வாட், 3 மணி நேரம்: 150. கூட்டினால் நாளொன்றுக்கு 620 வாட்-மணி. கூரையில் இருந்தவை இரண்டு 100 வாட் தகடுகள். நம் நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளிதான் கணக்கில் கொள்ளத்தக்கது. 200-ஐ 4-ஆல் பெருக்கினால் 800. கம்பியிலும் பேட்டரியிலும் இழப்பது போக 600 மிஞ்சினால் நன்று. செலவும் வரவும் ஏறக்குறைய சரியாகத்தானே இருக்கின்றன என்று தோன்றும்.

ஆனால் கணக்கில் வராத செலவு ஒன்று இருந்தது. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டர் இரவும் பகலும் நிறுத்தப்படாமலே இருந்தது. எதுவும் எரியாதபோதும் அது தனக்கென 10 வாட் உண்ணும். 24 மணி நேரத்துக்கு 240. விளக்குகள் மூன்றும் சேர்ந்து உண்பதைவிட இது மிகுதி! வரவிலும் ஓட்டை இருந்தது. தகடு வைத்த காலத்தில் இடுப்பளவு இருந்த ரம்புத்தான் மரம் இப்பொழுது கூரைக்கு மேல் வளர்ந்து, பிற்பகல் 2 மணிக்கெல்லாம் நிழல் வீழ்த்தியது. ஒரு கிளையின் நிழல்தானே என்று எண்ணலாகாது. தகட்டின் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. சில அறைகள் நிழலில் இருந்தால் அவ்வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். அந்நிலையிலும் மீட்டர் நல்ல வோல்ட்டைக் காட்டும்; ஓடும் ஆம்பியரை அளந்தால்தான் குறை தெரியும்.

கோளாறு தேடும் முறை இதிலிருந்தே விளங்கும். விளக்கிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரு விளக்கு மட்டும் அணைந்ததா, எல்லாமா என்பது முதற் கேள்வி. எல்லாம் என்றால் இன்வர்ட்டரின் அறிவிப்பைப் பாருங்கள்: சுமை மிகுந்து நின்றதா, பேட்டரி தாழ்ந்து நின்றதா என்பதைப் பெரும்பாலானவை காட்டும். அடுத்து பேட்டரி முனைகள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதுவே வழியடைப்பு. விளக்குகள் எரியும்போது முனை சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. யாவற்றையும் நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது முதலில் கறுப்புக் கம்பி. மாட்டும்போது அது கடைசி. சோடா நீர் மூடிக்குள் இறங்கிவிடாமல் காக்க வேண்டும். இதன் பின்னரே தகட்டையும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியையும் நோக்க வேண்டும். பலரும் முதலில் கூரைமேல் ஏறுகிறார்கள். ஏணியிலிருந்து விழுந்தவரும் உண்டு.

பேட்டரி நீரைப் பற்றியும் ஒரு சொல். தகடுகள் வெளியே தெரியுமளவு நீர் குறையலாகாது. ஊற்ற வேண்டியது வடிநீர் மட்டுமே. குழாய் நீரன்று, அமிலமும் அன்று. மின்சாரம் ஏறி முடிந்த பின் குறியளவுக்கு நிரப்புவதே முறை. கண்ணுக்குக் கண்ணாடியின்றி மூடியைத் திறக்கலாகாது. இப்பொழுது கடைகளில் மிகுதியாக வரும் லித்தியம் பேட்டரிகளுக்கு நீரும் இல்லை, ஹைட்ரோமீட்டரும் இல்லை. அவை மிகவும் வற்றினால் உள்ளிருக்கும் காவல் கருவி தானே கதவை அடைத்துவிடும். மீட்டர் சுழியம் காட்டும். செத்துவிட்டதென்று வீசிவிடாமல் அதற்குரிய சார்ஜரில் மாட்டிப் பாருங்கள்.

இனி ஜெனரேட்டர். நாம் அவ்வீட்டுக்குச் சென்ற காரியத்தைவிடப் பெரிய காரியம் அங்கேதான் காத்திருந்தது. விளக்கு அணைந்ததும் அவர்கள் ஜெனரேட்டரை ஓட்டித் தொலைக்காட்சி பார்ப்பது வழக்கம். மழைக்குப் பயந்து அதைப் பின்திண்ணையில், அடுப்படிச் சன்னலுக்குக் கீழே வைத்திருந்தனர். பேச்சுவாக்கில் பாட்டி, "மூணு மாசமா ராத்திரியிலே தலைவலி, தம்பி. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். எந்தெந்த இரவுகளில் என்று கேட்டோம். ஜெனரேட்டர் ஓடிய இரவுகளில்.

அன்பர்களே, ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளி இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். உறங்குபவர் விழிக்காமலே போவதும் உண்டு. ஆகவே அக்கருவி திண்ணையிலும் கூடாது, வீட்டடியிலும் கூடாது. சன்னல்களுக்கும் கதவுக்கும் அப்பால் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசை நோக்க, நாற்புறமும் திறந்த தனிக்கூரையின் கீழ் இருக்க வேண்டும். அன்றே இடம் மாற்றினோம். பாட்டியை மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுமாறு கூறினோம். பேட்டரியும் சாமி மேடைக்கு அடியில், எரியும் விளக்குக்குக் கீழே இருந்தது. மின்சாரம் ஏறும்போது ஈயப் பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படும். அதையும் காற்றோட்டமுள்ள இடத்துக்கு அகற்றினோம்.

ஜெனரேட்டரை ஓட்டும் நேரமும் தவறாக இருந்தது. வற்றிய பேட்டரி தொடக்கத்தில் விரைவாக உண்ணும். நிறையும் தறுவாயில் சிறுகச் சிறுகத்தான் ஏற்கும். ஆகவே காலையில் இரண்டு மணி நேரம், 10 ஆம்பியர் சார்ஜர் வழியாக ஜெனரேட்டர் ஊட்டட்டும். மிச்சத்தைப் பொறுமையாக ஊட்டுவதற்குப் பகல் முழுவதும் சூரியன் இருக்கிறது. மாலையில் ஓட்டினால் பெட்ரோல் எரியும், தொலைக்காட்சி தெரியும், பேட்டரி பட்டினி கிடக்கும். ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தால் மெக்கானிக்கை அழைக்குமுன் எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் தானே நின்றுவிடும் காவல் பல கருவிகளில் உண்டு. பழைய பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கிக் கார்புரேட்டரை அடைப்பதும் வழக்கமான கோளாறே. ஜெனரேட்டர் மின்சாரத்தை இருமுனைச் செருகி கொண்டு சுவர்ப் பிளக்கில் திருப்பிச் செலுத்துவது மட்டும் ஒருநாளும் கூடாது. 230 வோல்ட் ஓடும் வேலைக்கும், இன்வர்ட்டரின் உட்புறத்துக்கும், இடிதாங்கி, நிலக்கம்பி ஆகியவற்றுக்கும் பதிவு பெற்ற வயர்மேனையே அழைக்க வேண்டும். இடி மிகுந்த நம் மாநிலத்தில் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாகாது.

சரவாக்கின் உட்பகுதிக் கிராமங்களுக்கு 2016-ஆம் ஆண்டு முதல் சூரிய மின்சாரம் அளித்து வரும் சாரெஸ் திட்டத்தில், அன்றாடப் பராமரிப்பைக் கிராமத்தாருக்கே கற்றுக் கொடுக்கின்றனர். தொலைவிலிருந்து ஆள் வரும் வரை இருட்டில் இருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பயன். நம்மிடம் அதற்கு ஏற்ற பழக்கம் ஏற்கெனவே உண்டு. செக்ரோலில் நாள்தோறும் பெயர் விழுந்ததை அறிந்தவர்கள் நாம். அவ்வீட்டுப் பேரனிடம் ஒரு பள்ளி ஏட்டைக் கொடுத்து, நாள், காலை வோல்ட், வெயிலா மழையா, ஜெனரேட்டர் எத்தனை மணி என்று நான்கு பத்திகள் கீறித் தந்தோம். கிளையை வெட்டினர். படுக்கும்போது இன்வர்ட்டரை நிறுத்தினர். பழைய மின்விசிறிக்குப் பதிலாக, பேட்டரியிலேயே நேராக ஓடும் 20 வாட் விசிறி வாங்கினர்.

பல நாள் பட்டினி கிடந்த பேட்டரி தன் பழைய வலிமை முழுவதையும் திரும்பப் பெறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு நாள் காலையூட்டலுக்குப் பின் அறைகள் 1.240 வரை ஏறின, அவ்வளவுதான். எனினும் விளக்கு இரவு 11 மணி வரை எரிகிறது. தீபாவளிக்கு முந்திய அடைமழை வாரத்தில் அவ்வழியே சென்றபோது ஏட்டைப் புரட்டினோம். பேரனின் கையெழுத்துக்குக் கீழே பாட்டியின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: "மூணு நாள் வெயில் இல்லை. காலையில் இஞ்சின் 2 மணி. 12.3. தலைவலி இல்லை."