விசையைக் கேட்பதா, நோக்கத்தைக் கேட்பதா?

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் நடத்துகிறோம். இணையப் பக்கத்தை எப்படிக் காட்டுவது என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பக்கத்திலேயே மாணவர் தட்டச்சு செய்து, திருத்தி, அழித்தால் உலாவிக்குள் என்ன நடக்கிறது? இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

2000-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 பதிப்பில் ‘கன்டென்ட்எடிட்டபிள்’ என்ற பண்பு இருந்தது. ஒரு பகுதிக்கு அதைக் கொடுத்தால் போதும், அங்கேயே எழுதலாம். அதனுடன் ‘எக்ஸெக்கமாண்ட்’ என்ற கட்டளையையும் பயன்படுத்தலாம். கட்டளையின் பெயர், உரையாடல் பெட்டி வேண்டுமா என்பது, மதிப்பு என மூன்றே உள்ளீடுகள். ‘போல்ட்’ என்றால் தேர்ந்தெடுத்த சொல் தடிமனாகும். வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட எளியது இல்லை. மற்ற உலாவிகளும் அதையே எடுத்துக்கொண்டன.

ஆனால் பெயரில் ஒத்துப்போனவர்கள் விளைவில் ஒத்துப்போகவில்லை. அதே ‘போல்ட்’ கட்டளைக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ‘ஸ்ட்ராங்’ குறியை வைத்தது. குரோம் ‘பி’ குறியை வைத்தது. என்டர் விசையைத் தட்டினால் ஒன்றில் பத்திக் குறி, மற்றொன்றில் ‘டிவ்’, பழைய ஃபயர்ஃபாக்ஸில் வெறும் வரி முறிப்பு. திரையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சேமித்துப் பார்த்தால் மூன்று விதம். இன்று அந்தக் கட்டளை கைவிடப்பட்டது எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதை நம்பி நிற்கும் பழைய பக்கங்கள் ஏராளம் என்பதால் முழுதாக நீக்கவும் முடியவில்லை.

சரி, எந்த விசை அழுத்தப்பட்டது என்று நாமே கவனித்து எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். மேசைக் கணினியில் ஆங்கிலம் தட்டும்வரை அது ஓடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எந்த எழுத்தைத் தட்டினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். குரலில் சொல்லி எழுதுபவர் விசையையே தொடுவதில்லை.

அதனால் வந்ததுதான் ‘பிஃபோர்இன்புட்’ நிகழ்வு. குரோமிலும் சஃபாரியிலும் 2017-இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2021-இல். உரை மாறுவதற்கு முன்பே ‘எழுத்தைச் சேர்’, ‘பின்னோக்கி அழி’, ‘தடிமனாக்கு’ என்று பயனரின் நோக்கத்தை அது நிரலுக்குச் சொல்லிவிடும். உரையின் எந்தப் பகுதி மாறப்போகிறது என்பதையும் கேட்டுப் பெறலாம். இது எனக்கு மிகச் சரியான வடிவமைப்பாகப் படுகிறது, காரணம் தமிழ்.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேளுங்கள். 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் பிள்ளைகள் 3 என்பார்கள், அதுதான் சரி. ‘கொ’ என்று எழுதிப் பேக்ஸ்பேஸ் தட்டினால் குரோமில் ‘க’ மிஞ்சும். எழுத்துக்கு முன்னே நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போய்விடும். குறிலை நெடிலாக்க நினைப்பவருக்குக் குறி மட்டும் அழிவதே வசதி என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இங்கேயே இருப்பீர்கள். எதுவானாலும், எவ்வளவு அழிப்பது என்பதை உலாவியிடம் கேட்க வேண்டும். நிரலர் ஒன்று, இரண்டு என்று தானே எண்ணி வெட்டக் கூடாது.

வெட்டினால் என்ன ஆகும்? பெயர்ப் பெட்டிக்கு 15 என்று வரம்பு வைக்கிறோம் என்று கொள்வோம். ‘மீனாட்சிசுந்தரம்’ என்பதில் நம் கணக்கில் 9 எழுத்துகள். கணினிக் கணக்கில் 16. கடைசிப் புள்ளி ஏறாது. ‘மீனாட்சிசுந்தரம’ என்றே பதிவாகும். அந்தப் பிள்ளை சான்றிதழில் அதைத் திருத்த அலைய வேண்டும்.

‘இன்டில்.செக்மென்டர்’ என்ற வசதி எழுத்துகளை நம்மைப்போலவே பிரித்து ‘தமிழ்’ என்பதற்கு 3 தரும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் பெயரை இரு முறையிலும் எண்ணட்டும். பிறகு, பெயர்ப் பெட்டியின் வரம்பை எந்த எண்ணில் வைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள்.