பிள்ளைகளின் விருந்துக்கு ஒரு புகையிரதம்



பிள்ளைகளுக்காக விருந்து செய்வது நமக்குப் புதிய வழக்கமன்று. காதுகுத்துக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மலைநாட்டு லயங்களில் பலகாரம் சுட்டுப் பங்கிட்டே வந்திருக்கின்றோம். ஆனால் கேக்கும் பலூனும் பெயர் எழுதிய பதாகையுமாகக் கடையிலிருந்து வந்திறங்கும் பிறந்தநாள் விருந்து, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களுக்குள் புகுந்து நெடுங்காலம் ஆகவில்லை. இப்பொழுது அதற்குக் ‘கருப்பொருள்’ என்றும் ஒன்று வேண்டுமாம். ஒரு காம்பராவில் சிலந்தி மனிதன் சுவரில் ஏறுகின்றான். அடுத்த காம்பராவில் பனிக்கட்டி மாளிகை எழும்புகின்றது. ஒரு பொருளை நடுவில் வைத்து விளையாட்டையும் தின்பண்டத்தையும் அலங்காரத்தையும் அதனோடு இணைப்பது நல்ல யோசனைதான். அதை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பொருளை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

இதைச் சிறிய விடயமென்று கருத வேண்டாம். தம் பிறந்தநாளன்று பாடசாலைக்கு வராத பிள்ளைகள் உண்டு. காரணம் கேட்டால் காய்ச்சல் என்பார்கள். வகுப்பிலுள்ள முப்பது பேருக்கும் டொபி கொடுக்க இயலாமையே உண்மையான காய்ச்சல். அந்த வெட்கத்தைப் போக்குவதற்காகத் தாய் நகையை அடகு வைப்பதும், கடைக் கணக்கில் கடன் ஏற்றுவதும் நடக்கின்றன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. ஐசிங் பூசிய கேக் ஒன்றின் விலையோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நேயர்களிடமே விட்டுவிடுகின்றேன்.

மற்றொரு கணக்கும் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப் பகுதிகளில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். இத்தகைய பிள்ளைகள் கூடும் நாளில் நாம் கொடுப்பது நிறம் கலந்த சீனித் தண்ணீராக இருக்கலாமா?

ஆகவே, வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு விருந்தைப் பற்றிச் சொல்கின்றேன். அதன் கருப்பொருள் நம் ஊர்ப் புகையிரதம்.

இதைவிடப் பொருத்தமான பொருள் ஊவாவில் வேறு இல்லை என்பது என் எண்ணம். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் மலையேறியும் இறங்கியும் வரும் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டியது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. இரும்புச் சட்டகம் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த பாலம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையிலும் மண்சரிவிலும் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சிதைந்தது. அக்காலத்தில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்ட கேள்வி, “வண்டி எப்போது வரும், சேர்?” என்பதே. ஏறிப் பயணம் செய்யாத பிள்ளைக்கும் அது தன்னுடைய வண்டி.

முதலில் பசை காய்ச்சுங்கள். ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமற் கரைத்து, சிறு தீயில் துழாவினால், கண்ணாடிபோல் மினுங்கும் பதத்தில் பசை ஆயத்தம். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் கையாளும் பசையில் சேர்க்கவே கூடாது.

வண்டிக்கு வெறுந் தீப்பெட்டிகளும் தேயிலை வந்த அட்டைப் பெட்டிகளும் போதும். சக்கரத்துக்கு அட்டை வட்டமோ பழைய பொத்தானோ ஒட்டலாம். போத்தல் மூடியின் விளிம்பு கையை வெட்டும். பெட்டிகளை நூலால் தொடுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுத வேண்டும். வருகின்றவர்கள் எல்லோருக்கும் ஒரு பெட்டி உண்டு. விருந்துக்குரிய பிள்ளைக்கு இயந்திரப் பெட்டி. அழைப்பிதழே பயணச்சீட்டு. பெருவிரல் அளவான அட்டைத் துண்டில் ‘பதுளை’ என்ற பெயரையும் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தால் ஆயிற்று. நிலையப் பலகைகளைப் பிள்ளைகளே எழுதட்டும்: பதுளை, ஹாலி எல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை. உண்மைப் பலகையில் உள்ளவாறே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுத வேண்டும். அயலிலுள்ள சிங்களப் பிள்ளைகளையும் அழைத்தால் சிங்கள எழுத்தை அவர்கள் எழுதித் தருவார்கள். நம் பிள்ளைகள் தமிழெழுத்தை அவர்களுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். பாடசாலையில் இரண்டு தவணை முயன்று நாங்கள் செய்வதை ஒரு பிற்பகல் செய்துவிடும்.

பாலத்துக்குப் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றின் பக்கத்தை எடுத்து, தேநீர்க் குவளையின் வாயை வைத்து ஒன்பது அரைவட்டம் வரைந்து, கீழே கால் விட்டு வெட்டுங்கள். கத்தரிக்கோல் பிடிப்பது மூத்த பிள்ளையின் வேலை. முளைவிட்டுப் பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு உண்பதற்கு ஆகாது. ஆனால் அதைச் செங்கல் வடிவமாக வெட்டி, கரித்தூள் குழைத்த பசையில் தோய்த்து அட்டையில் பதித்தால் கற்சுவர் எழுந்துவிடும். வெலிமடையிலிருந்து வரும் நல்ல கிழங்கைத் தயவுசெய்து இதற்கு வெட்ட வேண்டாம்.

தெமோதரையே விளையாட்டின் உச்சம். பதுளையிலிருந்து ஏறும் வண்டி முதலில் தெமோதரை நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் புகுந்து, குன்றைச் சுற்றி மேலேறி, அதே நிலையத்தின் மேடைக்கு வந்து சேரும்படி அங்கே பாதை அமைந்திருக்கின்றது. மலையின் உயரத்தை எவ்வாறு கடப்பது என்று திகைத்து நின்ற பொறியியலாளருக்கு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு அந்த உபாயம் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகின்றது. இதை வரலாறு என்று நான் சாதிக்கமாட்டேன். ஆயினும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை. பழைய சேலைக் கரையொன்றை எடுத்து ஒரு பிள்ளையின் தலையில் சுற்றிக் காட்டிவிட்டு, அதையே தரையில் வளையமாக விரித்துப் பாதையாக்குங்கள். இரு பிள்ளைகள் கைகோத்து உயர்த்தி நின்றால் அது சுரங்கம். மற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி அதனூடே குனிந்து செல்லட்டும்.

மலைநாட்டின் ஒற்றைப் பாதையில், நிலைய அதிபர் சாரதியிடம் ஒரு பெரிய வளையத்தைக் கொடுப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வளையத்தில் கோத்த அடையாளம் கைக்கு வராமல் வண்டி அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாகாது. எதிரெதிரே இரு வண்டிகள் வராமற் காப்பது அதுவே. மெல்லிய மூங்கிற் பிளாச்சை வளைத்துக் கட்டி அத்தகைய வளையம் ஒன்று செய்யலாம். வளையம் பெறாத பிள்ளை நகரக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. முந்தியடித்து ஓடுகின்ற பிள்ளையை அதட்டாமலே நிறுத்தி வைக்கும் விதியும் அதுதான்.

அலங்காரத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தின் உதிர்ந்த இலைகளைப் பாருங்கள்; மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி. அவற்றை மாறி மாறித் தொடுத்தால் கடைத் தோரணம் தோற்றுப்போகும். பிளாஸ்ரிக் மாலைகளும், ஒரே தடவை பாவித்து வீசும் தட்டும் கரண்டியும் உறிஞ்சுகுழலும் 2023 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, தின்பண்டம். பழைய இயந்திரம் ஓட நிலக்கரி வேண்டுமல்லவா? குரக்கன் உருண்டையே நம் நிலக்கரி. இரண்டு கோப்பைக் குரக்கன் மாவை, அரைமூடித் தேங்காய்ப்பூவோடு சேர்த்து, மணம் வரும்வரை சிறு தீயில் வறுக்க வேண்டும். வறுபடாத குரக்கன் வயிற்றுக்கு ஆகாது. சுமார் 200 கிராம் கித்துள் கருப்பட்டியைக் கால் கோப்பை நீரில் கரைத்து வடித்து, விரலிடையே ஒட்டும் பதத்தில் காய்ச்சி, உப்பும் சிட்டிகை மிளகுத்தூளும் இட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டுங்கள். இருபத்தைந்து உருண்டைகள் வரை கிடைக்கும். உருட்டுவதைப் பிள்ளைகளிடம் விடலாம். கோணலான உருண்டைதான் கரிபோல் தோன்றும். திரிபோஷாவில் செய்யலாமா என்று தாய்மார் கேட்பதுண்டு. சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு குழந்தைக்கோ ஒரு கர்ப்பிணிக்கோ கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட பங்கு, விருந்தில் இறைப்பதற்கன்று.

தெமோதரைக்கு வளைய ரொட்டி. வழக்கமான ரொட்டி மாவையே கயிறாக உருட்டி, ஒரு நுனி மற்றதன் அடியிற் போகுமாறு வளைத்து, இலேசாகத் தட்டிக் கல்லில் சுட்டெடுங்கள். நாள்தோறும் தின்னும் அதே ரொட்டிதான்; அன்றைக்கு மட்டும் அது வேறொன்றாகிவிடும்.

எல்ல நிலையத்தில் கடலைக்காரர் ஏறட்டும். இரவே ஊறவைத்த கடலையை உப்பிட்டு நன்றாகக் குழைய அவித்து, கடுகும் கறிவேப்பிலையும் தேங்காய்த் துண்டும் தாளித்து, ஒரு பிள்ளை தட்டில் ஏந்திக் கூவி விற்க வேண்டும். எழுதி முடிந்த கொப்பித் தாளில் சுருள் செய்வது நம் நாட்டு வழக்கம். மை உணவில் படியாதவாறு உள்ளே வாழையிலைத் துண்டு ஒன்றை வையுங்கள். மிகச் சிறு குழந்தைகளுக்குக் கடலையையும் தேங்காய்த் துண்டையும் மசித்தே கொடுக்க வேண்டும். முழுக் கடலையும் கச்சானும் தொண்டையில் அடைக்கக் கூடும். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரில் தேசிக்காயோ தோடம்பழமோ பிழிந்தது போதும்.

இந்த விருந்தை வீட்டுக்கு வீடு தனித்தனியே செய்ய வேண்டுமென்பதில்லை. ஒரு லயத்தில் ஒரு மாதத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில், சம்பளம் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் செய்யலாம். ஒரு வீடு மாவைத் தரும். ஒரு வீடு தேங்காயைத் தரும். ஒன்றும் தர இயலாத வீட்டார் பசை காய்ச்சுவார்கள். பிள்ளைக்காம்பராவிலும் முன்பள்ளியிலும் சிறுவர் தினத்துக்கு இதையே செய்யலாம். ஆனால் ஒக்டோபர் மாதப் பிற்பகல்களில் நம் பக்கம் இடிமழை வரும். விளையாட்டைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தை இஸ்தோப்பில், மழைச்சாரல் படாத பக்கமாக நிறுத்துங்கள்.

விருந்து முடிந்ததும் வண்டியை எறிந்துவிட வேண்டாம். இயந்திரப் பெட்டியின் மேல் வெள்ளைக் கடதாசி ஒன்றை ஒட்டி, அடுத்த மாதத்துப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைக்கலாம்.