பேசாத படமொன்று

ஹொலிவூட்டில் ஊமைப் படங்களின் ஆட்சி 1920களின் இறுதியோடு முடிவுற்றது. எண்பது ஆண்டுகளின் பின், 2011இல், மிஷேல் ஹசானாவிசியூஸ் என்னும் பிரெஞ்சு நெறியாளர் 'தி ஆர்ட்டிஸ்ட்' என்ற படத்தை வண்ணமும் உரையாடலுமின்றி ஆக்கினார். வண்ணத்திலே பிடித்துப் பின்னரே கறுப்பு வெள்ளையாக மாற்றினர். அடுத்த ஆண்டில் அது சிறந்த படத்துக்குரியது உட்பட ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

பழமையைப் போலச் செய்தல் வெறும் வேடிக்கையாகவும் முடியலாம். இப்படம் அவ்வாறு முடியவில்லை. ஏனெனில், மௌனமே இதன் கதைப்பொருள். 1927இல் புகழின் உச்சியில் நிற்கும் நடிகன் ஜோர்ஜ் வலன்ரைன். பேசும் படம் வந்ததும் அவன் அதனை எள்ளி நகைக்கிறான். செல்வமும் இல்லறமும் இழக்கிறான். அவனால் முன்னுக்கு வந்த பெப்பி மில்லரோ புதிய படங்களின் தாரகையாகிறாள்.

அவனது ஒப்பனை அறையில் தொங்கும் மேலங்கியின் கைக்குள் பெப்பி தன் கையை நுழைத்து, அக்கையாலேயே தன் இடையை அணைத்துக்கொள்ளும் காட்சி ஒன்றுண்டு. எந்த வசனகர்த்தாவுக்கும் அங்கே வேலையில்லை.

ஒலியை இப்படம் கருமியைப் போலச் செலவிடுகிறது. வலன்ரைன் காணும் தீக்கனவில் அவன் மேசைமீது வைக்கும் கண்ணாடிக் குவளை திடீரென ஒலிக்கிறது. நாய் குரைக்கிறது, பெண்கள் சிரிக்கின்றனர், இறகொன்று நிலத்தில் வீழ்ந்து இடியென முழங்குகிறது. அவன் வாய்க்கு மட்டும் குரலில்லை. செவியொன்றினாலேயே முகங்களைக் காணப் பழகிய வானொலி நேயர்கள் இவ்விடத்தின் நயத்தை எளிதில் உணர்வர்.

பின்னொரு கட்டத்தில் அவன் துப்பாக்கியை வாயில் வைக்கிறான். வெடியோசையைக் குறிக்கும் ஒற்றைச் சொல் திரையில் எழுகிறது. மனம் பதறுகிறது. ஆனால், அது அவனைத் தேடி விரைந்த பெப்பியின் கார் மரத்தில் மோதிய ஓசை! பேசும் படத்தில் இந்த மயக்கத்துக்கு இடமேது?

வலன்ரைனாக நடித்த ஜான் டுஜார்தானின் புருவமும் புன்னகையும் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. அவருடைய நாயின் நடிப்பையும் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இறுதியில் இருவரும் காலணிகள் தாளமிட ஆடி நிற்கின்றனர். அவர்களுடைய மூச்சு முதன்முறையாகக் கேட்கிறது. மீண்டும் ஒருமுறை ஆட முடியுமா என்று தயாரிப்பாளர் வினவுகிறார். "மகிழ்ச்சியுடன்" என ஆங்கிலத்தில் வலன்ரைன் விடையிறுக்கிறான். அதன் உச்சரிப்போ முற்றிலும் பிரெஞ்சு நாட்டவனுடையது. அவன் பேச மறுத்துவந்த காரணம் அப்போதுதான் நம் செவியில் விழுகிறது.