எழுபது வளைவுகளும் நம் கல்வி நிதியும்



நம் மாணவியர் கல்வி நிதிக்காக மிதிவண்டியில் கொல்லிமலை ஏற நாங்கள் முடிவு செய்துள்ளோம். காரவள்ளியில் தொடங்கும் அம்மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நாமக்கல் சமவெளியில் மிதித்துப் பழகிய கால்களுக்கு அஃது எளிதன்று.

'கேட்டாலே பணம் தருவோமே, ஏன் இத்துணை வருந்த வேண்டும்?' எனச் சிலர் எங்களை வினவினர். மிதிவண்டி நமக்கு வெறும் வாகனமன்று. ஊர்த் தெருவில் அதன்மீது அமர்ந்து சென்றதற்காகவே நம் முன்னோர் பலர் இறக்கப்பட்டனர், அடிக்கப்பட்டனர். தெருமுனையில் இறங்கி, உருட்டிச் சென்று, எல்லை கடந்தபின் ஏறிய முதியோர் இவ்வவையிலும் இருக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். இரண்டும் பிறர் துணையை எதிர்பாராது செல்லும் வல்லமையைத் தருவன என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

ஆதலால் இஃது இரந்து பெறும் நிதியன்று. உழைத்து ஈட்டும் நிதி. வளைவுக்கு இவ்வளவு என இயன்றதை எழுதித் தாருங்கள். ஒரு ரூபாயாயினும் 70 ரூபாயாகும். மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டுவோம், அதில் இழிவில்லை. மலை நம்மை இறக்குவது வேறு, மனிதர் இறக்குவது வேறு.