கணக்கேட்டில் ஒரு வெற்றிடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடுவண்டி பூட்டி மேற்கு நோக்கிப் புறப்பட்டு, புல்வெளியைத் திருத்திக் குடியேறிய முன்னோர் ஒருவர் தம் குலத்தில் இருந்தார் என்று சொல்லிக்கொள்வதில் அமெரிக்கர் பலருக்குத் தனிப் பெருமிதம் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் நம்மை ஊர் எது என்று கேட்டால், விட்டு வந்த ஊரின் பெயரே முதலில் நாவில் வருகிறது. அவர்களோ முன்னோர் போய்ச் சேர்ந்த இடத்தைப் போற்றுகிறார்கள். அந்த இடத்துக்குச் சான்று தேடப் புகுந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒரு குடும்பத்தைக் கொண்டு பார்ப்போம்.

லாரா இங்கால்ஸ் வைல்டர் 1867-ல் விஸ்கான்ஸினில் பிறந்தவர். தம் தந்தை சார்லஸ் இங்கால்ஸ் கான்ஸாஸ் புல்வெளியில் மரவீடு கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்த கதையைச் சிறுவர் நூலாக எழுதி 1935-ல் வெளியிட்டார். இன்டிபெண்டன்ஸ் என்னும் ஊரிலிருந்து 40 மைல் தொலைவில் அவ்வீடு இருந்ததாக நூல் கூறுகிறது. ஏடுகள் வேறு கூறுகின்றன.

அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கில் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவாயிற்று. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850-ல்தான். அப்போதும் அடிமைகளின் பெயர்கள் எழுதப்படவில்லை. 1870-ஆம் ஆண்டுக் கணக்கில், கான்ஸாஸின் மான்ட்கோமரி மாவட்டத்தில் இங்கால்ஸ் குடும்பம் காணப்படுகிறது. அதைக் கொண்டு கணித்தால் வீடு இருந்த இடம் இன்டிபெண்டன்ஸிலிருந்து ஏறக்குறைய 13 மைல்தான். நூலில் தங்கை கேரி கைக்குழந்தையாக வண்டியில் வருகிறாள். குடும்ப பைபிளோ அவள் 1870 ஆகஸ்டில் அதே மாவட்டத்தில் பிறந்ததாகக் குறித்து வைத்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்த குடும்பத்துக்கு மருந்து தந்து காத்ததாக லாரா எழுதும் கறுப்பின மருத்துவர் மட்டும் கற்பனை அல்லர். ஜார்ஜ் டான் என்ற அவர் பெயரும் அண்டை வீட்டாராக அதே கணக்கில் இருக்கிறது.

இனி, பெயர்களை விட்டுப் பத்திகளைப் பார்க்க வேண்டும். நிலத்தின் மதிப்பை எழுத வேண்டிய பத்தி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அரசாங்க ஏடுகளோடு காலம் கழிக்கும் நமக்கு, இப்படிப்பட்ட வெற்றிடத்தைக் கண்டால் எழுதியவர் சோம்பிவிட்டார் என்றே முதலில் தோன்றும். இங்கே அப்படியன்று. அந்நிலம் ஓசேஜ் மக்களுக்கு உரியது, குடியேறியவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லை என்று காரணமும் குறிக்கப்பட்டிருக்கிறது. மகள் கண்ணுக்கு வீரராகத் தெரிந்த தந்தை, கணக்கெடுத்தவர் கண்ணுக்குப் பிறர் நிலத்தில் வீடு கட்டியவர். இரண்டும் ஒரே மனிதர்தாம். குடும்ப வரலாறு எழுதுகிறவர் பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது என்பது நம் கருத்து.

1871-ல் அக்குடும்பம் விஸ்கான்ஸினுக்குத் திரும்பிற்று. சார்லஸ் சட்டப்படி நிலம் கோரியது பின்னர், 1880-ல், டக்கோட்டாப் பிரதேசத்தின் டி ஸ்மெட் ஊரருகே. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து உழுது பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை நிலம் கிடைத்தது. எத்தகைய வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார் என்று விண்ணப்பதாரர் வாக்குமூலம் தர வேண்டும். இரு சாட்சிகளும் வேண்டும். அந்தக் கட்டுகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேடுகிறவருக்கு இவை பொற்குவியல். 1890-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின் பெரும்பகுதி 1921-ல் நேர்ந்த தீ விபத்தினால் அழிந்துவிட்டபடியால், அந்த இடைவெளியை நிரப்பவும் இவையே பெரிதும் உதவுகின்றன.

ஓசேஜ் மக்களோ 1870-ல் கான்ஸாஸ் நிலத்தை விட்டுக்கொடுக்க இசைந்து தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குச் சென்றார்கள். 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் தயாராயிற்று. அதில் 2,229 பெயர்கள் உள்ளன. ஓசேஜ் குடும்பத்தில் பிறந்து தம் பாட்டனாரைத் தேடுகிறவர் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்.