எத்தனை அழைப்புகளைத் தாங்கும்?



ஒரே வேளையில் எத்தனை பேர் பேசுவதற்கு வழி செய்ய வேண்டும்? தொலைபேசி தோன்றிய நாள்தொட்டு அதனை அமைப்போர் கேட்டு வரும் கேள்வி இது. இதற்குக் கணித முறையில் விடை கண்டவர் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங். 1908ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்த அவர், 1917இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்பட்டு வருகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 200 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிக்கிறது. ஆக, 600 நிமிடப் பேச்சு. அதாவது 10 மணி நேரம். அப்படியானால் 10 கம்பிகள் போதுமே என்று தோன்றும். போதா! மக்கள் முறை வைத்துக் கொண்டா பேசுகிறார்கள்? ஒரு நிமிடத்தில் பலர் ஒருங்கே அழைப்பர். மறு நிமிடத்தில் எவரும் அழையார். 10 கம்பிகளே இருந்தால், ஐந்து அழைப்புகளில் ஒன்றுக்கு மேல் இணைப்பின்றித் திரும்பும். 18 கம்பிகள் இருந்தால், திரும்புவது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு.

பின்னர் கணிப்பொறி வந்தது. 1965இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சக்கசன்னா என்னும் ஊரில், நினைவகத்தில் பதித்த நிரலால் இயங்கும் தொலைபேசி இணைப்பகம் பணி தொடங்கியது. இத்தகைய இணைப்பகத்தில் கம்பிகளை எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வோர் அழைப்பும் கணிப்பொறியின் காலத்தில் ஒரு சிறு பங்கை உண்கிறது. மென்பொருள் எழுதுவோர் புதியதொரு வசதியைச் சேர்க்குந்தோறும் அப்பங்கு சிறிது வளரக்கூடும். வெளியே யாதொரு மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே தாங்கும் திறன் தேய்ந்து கொண்டே போகும்.

திறனை அளக்கும் அளவுகோலும் ஒன்றன்று. 2012ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், டோக்கியோ நகரில், என்.டி.டி. டொக்கோமோ நிறுவனத்தின் கைப்பேசிச் சேவை காலை வேளையில் தடைப்பட்டது. ஏறத்தாழ 25 லட்சம் பேர் இடருற்றனர். வியப்பு என்னவெனில், அங்கே அப்போதுதான் புதிய இணைப்புக் கருவிகளை நிறுவியிருந்தனர்! பழையவற்றைவிட அதிகமான கைப்பேசிகளை ஒருங்கே இணைத்து வைக்க அவற்றால் இயலும். ஆனால், அறிதிறன் கைப்பேசிகள் உரிமையாளர் தொடாத போதும் அடிக்கடி கட்டுப்பாட்டுச் சைகைகளை அனுப்புகின்றன. அச்சைகைகளைக் கையாளும் திறனோ புதிய கருவிகளில் குறைவாக இருந்தது. வாயில் அகலமாயிருந்தும் வாயில்காப்போன் ஒருவனே நின்றால் கூட்டம் தேங்குமன்றோ?

இத்தகைய இடரைத் தவிர்ப்பது எங்ஙனம்? திறன் என்பதை, பணி முடிந்தபின் சோதிக்கும் பொருளாகக் கருதலாகாது. மணிக்கு எத்தனை அழைப்புகள், எத்தனை சைகைகள், எவ்வளவு தாமதம் பொறுக்கத் தக்கது என்பவற்றை முதல் நாளிலேயே எண்களாக எழுதிவிட வேண்டும். நிரலில் ஒரு மாற்றம் செய்யுந்தோறும், ஆய்வகத்தில் செயற்கை அழைப்புகளைப் பெருக்கி, அந்த எண்களை மீண்டும் அளக்க வேண்டும். வரம்பு மீறினால் எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதையும் முன்னரே வகுத்திடல் வேண்டும். இணைப்புக் கிடைக்காதவர் மீண்டும் மீண்டும் முயல்வர். சுமை மேலும் ஏறும். எல்லாவற்றையும் ஏற்க முயலும் பொறி ஒன்றையும் முடிக்காது. புதிய அழைப்புகள் சிலவற்றை அப்போதே மறுக்கும் பொறியே மற்றவற்றைக் காக்கும். தீயணைப்புப் படையையோ மருத்துவ ஊர்தியையோ அழைப்பவரின் குரல் அம்மறுப்பில் அகப்படாதிருக்க வேண்டுமானால், அந்த முன்னுரிமையையும் நிரலிலேயே எழுதி வைத்தாக வேண்டும்.

நாளை நீங்கள் நிரல் எழுதும் பணிக்குச் செல்லலாம். அப்போது, “இது சரியாக இயங்குகிறதா?” என்று கேட்பதோடு நில்லாது, “எத்தனை பேருக்கு இயங்கும்? அதற்குமேல் ஒருவர் வந்தால் என்ன ஆகும்?” என்றும் கேளுங்கள்.